வீட்டில் ஆங்கிலம் தெரியாது, ஃபோனிக்ஸ் எப்படிச் சொல்லித் தருவது?

நவம்பர் 6: கேள்வி, குன்னூரிலிருந்து ஓர் அம்மா

என் பையன் யு.கே.ஜி. படிக்கிறான். ஏ ஃபார் ஆப்பிளில் ஆரம்பித்து இஸட் வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். ஆனால் பூனைப் படத்தை மூடிவிட்டு அடியில் உள்ள 'கேட்' என்ற சொல்லை மட்டும் காட்டினால், "சி, ஏ, டி" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். பள்ளியில் கேட்டால், நாங்கள் ஃபோனிக்ஸ் முறையில் நடத்துகிறோம், நீங்கள் வீட்டில் ஏபிசிடி சொல்லிக் குழப்பாதீர்கள் என்கிறார்கள். நான் பத்தாவது வரை தமிழ்வழி. அவர் எஸ்டேட் வேலை. எங்களால் ஒன்றுமே செய்ய முடியாதா, டியூஷன்தான் வழியா?

நவம்பர் 6, இரவு

டியூஷன் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். உங்கள் பையனைப் போன்ற பிள்ளைகள் ஒவ்வொரு ஜூனிலும் வந்து உட்காருகிறார்கள். எழுத்தின் பெயர் அவனுக்குத் தெரியும், சத்தம் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. 'அ' என்ற எழுத்தின் பெயரும் அ, சத்தமும் அ. ஆங்கிலத்தில் சி, ஏ, டி என்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் 'சியேட்டீ' என்றுதான் வரும், பூனை எங்கிருந்து வரும்? டபிள்யூ என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், அந்த எழுத்தின் சத்தம் அதற்குள் எங்கேயும் கிடையாது. எழுத்து 26, சத்தம் ஏறக்குறைய 44. அதனால் ஒரே எழுத்து இரண்டு மூன்று வேலை பார்க்கும், சில இடத்தில் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே சத்தம் தரும். எழுத்தைப் பார்த்ததும் சத்தத்தைச் சொல்வது, சத்தங்களைச் சேர்த்துச் சொல்லாக்குவது, இதற்குத்தான் ஃபோனிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏபிசிடி பாட்டுப் பாடினால் பிள்ளை கெட்டுப்போக மாட்டான். எழுத்தின் பெயரும் ஒருநாள் தேவைப்படும். படிக்க உட்காரும் நேரத்தில் மட்டும் பெயரைத் தள்ளி வையுங்கள்.

நவம்பர் 7

இங்கே விடிய விடிய மழை, பள்ளி விடுமுறை. நேற்றைய கேள்வியில் "எங்களால் ஒன்றுமே செய்ய முடியாதா" என்ற வரி மனதை விட்டுப் போகவில்லை, அதற்குத்தான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு பிள்ளை படிக்கக் கற்பதற்கு முன்னால் அவன் காது இரண்டு வேலையைக் கற்க வேண்டும். சொல்லைச் சத்தங்களாகப் பிரிக்க வேண்டும், சத்தங்களைச் சொல்லாகச் சேர்க்க வேண்டும். இதற்குப் புத்தகமும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். அடுப்படியில் நின்றுகொண்டே செய்யலாம். முதலில் பெரிய துண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்: "அந்தத் தக்–கா–ளி எடு." அது பிடிபட்டதும் சின்னத் துண்டு: "உன் க்–ஆ–ல் எங்கே? ப்–அ–ல் காட்டு பார்ப்போம்." முதலில் முழிப்பான். இரண்டு மூன்று நாளில் பல்லைக் காட்டுவான். பிறகு அவனே உங்களிடம் "அம்மா, ப்–ஆ–ல் வேணும்" என்பான். அன்றைக்கு பாலை உடனே கொடுத்துவிடுங்கள்.

இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. க் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் சேர்ந்தால் கா. ஒன்றாம் வகுப்பிலேயே இதைச் சொல்லித் தருகிறோம். 12 உயிர், 18 மெய், சேர்ந்து 216 உயிர்மெய் என்ற கணக்கு முழுக்கச் சத்தம் சேர்க்கும் கணக்குதான். நாம் அதை அட்டவணையாகப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, ஃபோனிக்ஸ் என்றால் வெளியூர்ச் சரக்கு என்று நினைக்கிறோம்.

நவம்பர் 7, சாயங்காலம்

தமிழில் விளையாடினால் ஆங்கிலம் எப்படி வரும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சத்தத்தைப் பிரிக்கிற காது எந்த மொழியில் பழகினாலும் அடுத்த மொழிக்கும் கூடவே வரும். தமிழில் 'ம்–ஆ–ன்' என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் 'வ்–ஏ–ன்' என்று வேன் வண்டியைப் பிரிப்பது புது வேலையில்லை. அந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்பது மட்டும்தான் பாக்கி.

நவம்பர் 12

போன வாரம் எழுதியதற்குப் பின் நிறையப் பேர் கைபேசியில் வரும் ஃபோனிக்ஸ் பாட்டுகளின் இணைப்பு அனுப்பினார்கள். சில நன்றாக இருக்கின்றன. பலவற்றில் ஒரு கோளாறு. மெய் எழுத்தைச் சொல்லும்போது கூடவே ஓர் 'அ' ஒட்டிக்கொள்கிறது. 'ட்' என்பதை 'ட' என்றும் 'ம்' என்பதை 'ம' என்றும் இழுக்கிறார்கள். அப்படிக் கற்ற பிள்ளை 'மேட்' என்ற சொல்லை 'ம–ஏ–ட' என்று கூட்டிவிட்டு, அது என்ன சொல் என்று தெரியாமல் நிற்கும். நம் ஊரில் இதற்கு நேர் எதிரான வழக்கம், மெய் எழுத்துக்கு முன்னால் இ போடுவது: இக், இங், இச். அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளை 'இம்–ஏ–இட்' என்கிறது. இரண்டையும் கழற்ற வேண்டும்.

கழற்றும் வழி இது. நீட்டக்கூடிய சத்தங்களில் ஆரம்பியுங்கள்: ஸ்ஸ்ஸ், ம்ம்ம், ந்ந்ந், ல்ல்ல், ஃப்ஃப்ஃப். இவற்றை மூச்சு இருக்கும் வரை இழுக்கலாம், நடுவில் எந்த உயிரும் நுழையாது. ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே வாயைத் திறந்தால் அடுத்த சத்தம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ட், ப், க் எல்லாம் சட்டென்று அறுந்துவிடும் சத்தங்கள், அவற்றைக் கிசுகிசுப்பாக, குட்டையாகச் சொல்லிக் காட்டுங்கள்.

எந்த வரிசையில் என்று கேட்டவருக்கு: அகரவரிசைப்படி போகாதீர்கள். இங்கிலாந்தில் 1992-ல் வந்த ஜாலி ஃபோனிக்ஸ் முறையில் முதல் ஆறு எழுத்து எஸ், ஏ, டி, ஐ, பி, என். (இந்த டி நம் டீக்கு வருவது, பி பென்சிலுக்கு வருவது.) காரணம் எளிது. இந்த ஆறை வைத்தே டின், பின், டிப், சிப், டேப் என்று எத்தனையோ சொற்களைப் படித்துவிடலாம். முதல் வாரத்திலேயே ஒரு முழுச் சொல்லைத் தானாகப் படித்த பிள்ளையின் நடையே வேறு மாதிரி ஆகிவிடும். தமிழிலும் ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் கொடுத்துப் பாருங்கள், படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

நவம்பர் 13

நேற்று எழுதும்போதே உறுத்தியது, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பென்சில் 'பி'யும் பஸ் 'பி'யும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. டீக்கு வரும் டி, டாக்டருக்கு வரும் டி, அதுவும் அப்படியே. பூனையும் கேட், வாசல் கதவும் கேட். நம் எழுத்து இந்தச் சத்தங்களைப் பிரித்துக் காட்டாது, ஆனால் நம் வாய் பிரிக்கிறது. பாம்பு என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப ஒரு சத்தம், ம்-க்குப் பின்னால் வரும் ப இன்னொரு சத்தம். தம்பி, கம்பளி எல்லாவற்றிலும் பஸ் 'பி' இருக்கிறது. வண்டியில் டாக்டர் 'டி' இருக்கிறது. தங்கத்தில் வாசல் கேட்டின் முதல் சத்தம் இருக்கிறது. பிள்ளைக்குப் புதுச் சத்தம் எதையும் கற்றுத்தரவில்லை, தெரிந்த சத்தம் சொல்லின் முதலிலும் வரலாம் என்று காட்டுகிறோம், அவ்வளவுதான்.

டிசம்பர் 4

காலையில் பிரார்த்தனைக்கு முன்னால் பிள்ளைகள் வாயில் புகை விட்டு விளையாடுகிற சீசன் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பை வெயில் விழும் இடத்தில் வரிசையாக நிறுத்தி, இரண்டு 'பி'யையும் சொல்லச் சொன்னேன். ஆங்கிலத்தில் பென்சில் 'பி' சொல்லும்போது காற்று வெடித்துக்கொண்டு வரும், குளிரில் அது ஒவ்வொரு முறையும் உருண்டையாக வெள்ளைப் புகையாகக் கண்ணுக்கே தெரிந்தது. பஸ் 'பி'க்குப் புகை வருவதே தெரியவில்லை. அதற்குத் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் அதிரும். சமவெளியில் இருப்பவர்கள் உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்க்கலாம், பென்சில் 'பி'க்கு அது ஆடும், பஸ் 'பி'க்கு ஆடாது. என் பிள்ளைகள் அன்று முழுக்க, மணி அடித்த பிறகும், புகை உருண்டை விட்டுக்கொண்டே இருந்தார்கள். பென்சில், பேப்பர், பிங்க், யாருக்குப் பெரிய உருண்டை என்று போட்டி.

டிசம்பர் 5

இன்னொன்றும் நேற்று கவனித்தேன். படுகர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பஸ் 'பி' சொல்லின் முதலில் வருவது சிரமமே இல்லை, அவர்கள் மொழியில் அது இயல்பு. 'ஹ'வும் அப்படியே. ஹட்டி (ஊர்), ஹப்பா (திருவிழா), ஹெத்தை (அவர்கள் தெய்வம்) என்று பிறந்தது முதல் கேட்கிறார்கள், ஹென், ஹாட் எல்லாம் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் குழந்தை ஒருத்தி இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். தமிழில் ழ, ள, ல மூன்றும் அவளைப் பாடாய்ப் படுத்தின, வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். இந்தி பேசும் வீட்டில் 'ப' வரிசையிலேயே நாலு சத்தம். அதனால் இரண்டு 'பி'யும் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். பக்கத்துப் பையனின் விரலை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, "இது, இது இல்ல" என்று இரண்டே தமிழ்ச் சொல்லில் அவனுக்குப் பாடம் நடத்தினாள். அவன் சரியாகச் சொல்லும் வரை விரலை விடவில்லை.

தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கை ஓங்கித்தான் இருக்கிறது: குறில் எ, குறில் ஒ நம்மிடம் உண்டு. பென், டென், ரெட் எல்லாம் நம் பிள்ளைகள் சுளுவாகச் சொல்வார்கள். நமக்கு இடறும் உயிர் 'கேட்', 'பேட்', 'மேட்' என்று எழுதுகிறோமே, அந்த நடுச்சத்தம். ஏ-வும் இல்லை, ஆ-வும் இல்லை. வாயை ஏ-வுக்கு வைத்துக்கொண்டு தாடையை இறக்கச் சொல்லுங்கள், ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி வரும், அதுதான்.

டிசம்பர் 9

"என் பெண் கப் என்பதைக் கப்பு என்கிறாள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது" என்று எழுதியவருக்கு. திருத்தாதீர்கள். தமிழ்ச் சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. நாக்கு, மூக்கு, பாட்டு, உப்பு என்று கடைசியில் ஒரு குட்டி உகரம் வந்து நிற்கும், நம் இலக்கணம் அதற்குக் குற்றியலுகரம் என்று பெயரே வைத்திருக்கிறது. அவள் நாக்கு அந்த வழியில் போகிறது. எழுத்தைப் பார்த்துக் கப்பு என்று படித்தாள் என்றால் அவள் படித்துவிட்டாள், பாராட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

எழுதும்போது மட்டும் கவனம் தேவை, கடைசியில் யு என்ற எழுத்தையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். அப்போது, "சொல்லி முடிச்சதும் உதடு ஒட்டியே இருக்கணும், நான் சொல்ற வரைக்கும் திறக்கக்கூடாது" என்று விளையாட்டாக வையுங்கள். ஒட்டிய உதட்டுக்குப் பின்னால் உகரம் வர முடியாது.

டிசம்பர் 10

நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் எழுதிக் கொடுக்கும் பழக்கம். தயவுசெய்து விடுங்கள். பிள்ளையின் கண் நேராகத் தமிழுக்குத்தான் போகும், ஆங்கில எழுத்தைப் பார்க்காது. ஒரு பையன் நோட்டில் பந்து என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு மேல் 'பால்' என்று வீட்டில் எழுதியிருந்தார்கள். படம் வரையச் சொன்னால் அழகாக ஒரு டம்ளர் வரைந்து, மேலே ஆவி பறப்பதையும் போட்டுக் கொடுத்தான். நானும் இந்தப் பக்கத்தில் அப்படித்தான் எழுதுகிறேன், படிப்பது பெரியவர்கள் என்பதால்.

டிசம்பர் 11

நேற்று சொன்னதில் ஒரு திருத்தம், அல்லது ஒரு விலக்கு. ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஓர் அம்மா கேட்டார், பிள்ளை சரியாகப் படிக்கிறானா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று. நியாயமான கேள்வி. உங்களுக்காகத் தனித்தாளில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை பார்க்காத இடத்தில். அதைவிட நல்லது, நீங்களும் அவனோடு சேர்ந்து கற்பது. வாரம் இரண்டு சத்தம் என்றால் யாருக்கும் பாரமில்லை.

டிசம்பர் 17

"பள்ளியில் ஒழுங்காக நடத்தினால் வீட்டில் ஏன் இவ்வளவு பாடு" என்ற கேள்விக்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை, கோபம் வந்ததால். இப்போது அரையாண்டுத் தேர்வு வேலைக்கு நடுவில் எழுதுகிறேன்.

அரசுப் பள்ளிகளில் 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாவிட்டால் அரும்பிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். ஆனால் மலைக் கிராமத்துப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறார். ஒரு பிள்ளையின் வாயருகே காதை வைத்து அவன் சத்தத்தைக் கேட்க எனக்கு ஒரு நாளில் சில நிமிடம்தான் கிடைக்கிறது. வீட்டில் பத்து நிமிடம் ஒரே பிள்ளைக்கென்று கிடைத்தால், அதை என்னால் பள்ளியில் ஈடுகட்ட முடியாது.

கட்டணம் வாங்கும் பள்ளியில் எல்லாம் சரியாக நடக்கிறது என்பதும் இல்லை. முன்னால் நான் வேலை பார்த்த ஒரு நர்சரிப் பள்ளியில் ஃபோனிக்ஸ் கிட் என்று பெற்றோரிடம் தனியாகப் பணம் வாங்கினார்கள். ஆண்டு விழாவில் மேடையேற்ற வேண்டும் என்று எல்லாச் சத்தத்தையும் பாட்டாக ஓட்டி முடிக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் பாடினார்கள், கைத்தட்டல் வாங்கினார்கள். சத்தங்களைச் சேர்த்து ஒரு சொல் படிக்கச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேருக்கு வராது. நான் சொன்னேன், கேட்கவில்லை, வெளியே வந்துவிட்டேன். உங்கள் பிள்ளையின் பள்ளியில் எத்தனை சத்தம் முடித்தீர்கள் என்று கேட்காதீர்கள். முடித்த சத்தங்களை வைத்துப் பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேளுங்கள்.

டிசம்பர் 18

காது. இதை யாருமே கேட்கவில்லை. இந்தக் குளிரில் மூக்கு ஒழுகாத பிள்ளை கிடையாது. சளி காதுக்குள் இறங்கினால் சத்தம் மந்தமாகத்தான் கேட்கும், ஸ்-க்கும் ஃப்-க்கும் வித்தியாசமே தெரியாது. கூப்பிட்டால் திரும்பாத, டி.வி.யைச் சத்தமாக வைக்கிற, எப்போதும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்கிற பிள்ளையை, கவனமில்லை என்று திட்டுவதற்கு முன்னால் காது டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம்.

டிசம்பர் 29

விடுமுறை. ஹெத்தை ஹப்பா நெருங்குகிறது, ஊர் முழுக்க வெள்ளை உடுப்பு துவைத்துக் காய்கிறது. தெரிந்தவர் வீட்டில் ஒரு யு.கே.ஜி. பிள்ளை கதைப்புத்தகம் முழுவதும் கடகடவென்று படித்தாள். எனக்குச் சந்தேகம் வந்து பக்கத்தை மாற்றி வைத்தேன், படத்தைப் பார்த்து அதே வேகத்தில் பழைய வரியைச் சொன்னாள். மனப்பாடம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அர்த்தமே இல்லாத சொல் எழுதிக் கொடுப்பது. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். மொத்தம் 40 சொல், அதில் 20 சொல் அகராதியிலேயே இல்லாதவை. மனப்பாடம் செய்திருக்க முடியாது, சத்தம் கூட்டித்தான் ஆகவேண்டும். நம் வீட்டில் தமிழிலும் செய்யலாம். 'டிமு', 'லபோ' என்று எழுதிக் காட்டுங்கள். என் வகுப்பில் லபோ என்பது இப்போது பள்ளிக்கு வரும் நாய்க்குட்டியின் பெயர்.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. 'ஹென்' என்று பிழையில்லாமல் கூட்டிப் படிப்பான், அது கோழி என்று தெரியாது. அமெரிக்காவில் 2000-ல் நேஷனல் ரீடிங் பேனல் என்ற குழு அறிக்கை கொடுத்தது. சத்தத்தைப் பிரித்தறிவது, ஃபோனிக்ஸ், சரளம், சொல்வளம், பொருள் புரிவது என ஐந்தையும் அது சொன்னது. ஃபோனிக்ஸ் அதில் ஒன்று மட்டும். அதனால் நான் கண்ணுக்குத் தெரிகிற சொற்களிலிருந்து எடுக்கிறேன்: ஃபாக், வெட், மட், பஸ், ஹாட், பாட். ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி படிந்திருக்கும்போது அதன் மேலேயே விரலால் 'ஃபாக்' எழுதினால் அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

ஜனவரி 8

சத்தம் கூட்டிப் படிக்க முடியாத சொற்களை என்ன செய்வது? த, வாஸ், செட் ('சொன்னான்' என்ற பொருளில் வருவது), ஒன் என்று தினசரி வருகிற சொற்களே அப்படித்தான் இருக்கின்றன. இவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்றாக, கண்ணால் பார்த்து மனதில் பதிய வையுங்கள். அதிலும் முழுச் சொல்லும் முரண்டு பிடிக்காது. 'வாஸ்' என்பதில் முதல் எழுத்து ஒழுங்காகவே நடந்துகொள்கிறது, தகராறு நடுவில்தான். தகராறு செய்யும் எழுத்துக்கு மட்டும் சிவப்பில் ஒரு வட்டம். ஆங்கிலம் ஏன் இப்படி என்று பிள்ளை கேட்டால், பல மொழிகளிலிருந்து சொல் வாங்கியதும் உச்சரிப்பு மாறிய பிறகும் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டதும்தான் காரணம் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஜனவரி 19

கடைசியாக வந்த கேள்வி, பெரிய எழுத்து முதலிலா, சின்ன எழுத்து முதலிலா. சின்ன எழுத்து. வாக்கியத்தின் முதல் எழுத்தையும் பெயர்களின் முதல் எழுத்தையும் விட்டால் கதைப்புத்தகம் முழுக்க அதுதான் இருக்கிறது. பஸ் 'பி'யும் டாக்டர் 'டி'யும் சின்ன எழுத்தில் ஒன்றையொன்று திருப்பி வைத்தது போலவே இருப்பதால் பிள்ளைகள் மாற்றி எழுதுவார்கள். ஏழு வயது வரை அது சாதாரணம், பயப்பட வேண்டாம். இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லித் தராமல் நடுவில் வேறு சில எழுத்துகளை விட்டால் குழப்பம் பாதியாகக் குறையும். நாலு வயதில் பென்சிலை அழுத்திப் பிடித்து வரி வரியாக எழுத வைக்காதீர்கள், ராகி மாவைத் தட்டில் பரப்பி விரலால் எழுதட்டும், சத்தத்தை வாயால் சொல்லிக்கொண்டே. தன் பெயரை எழுத மட்டும் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடக் கற்றுக்கொடுங்கள். மற்ற பெரிய எழுத்துகளை ஒன்றாம் வகுப்பில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.